கிராண்டில் யார் பேர்?

ஜொகூர் பாருவில் கல்யாணப் பேச்சு எடுத்தால் பெண் வீட்டார் இரண்டு கேள்வி கேட்பார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கிறதா? அப்பா அம்மா கூடவே இருக்கிறார்களா? மாசாய், ஸ்கூடாய், கூலாய், உலு திராம் என்று எந்தப் பக்கம் போனாலும் பல வீடுகளில் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். வீடு இருக்கிறது, அப்பா அம்மாவும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். பேச்சு அத்தோடு நகை, மண்டபம் என்று போய்விடும். அந்த வீட்டின் கிராண்டில், அதாவது உரிமைப் பத்திரத்தில், யார் பேர் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒரு தே சொல்லிவிட்டு உட்காருங்கள். இது கொஞ்சம் நீளமான விஷயம்.

பெற்றோரோடு சேர்ந்து வாழ்வது நம் பண்பாடு, வெள்ளைக்காரன் பதினெட்டு வயதில் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்த வெள்ளைக்காரன்? பின்லாந்தில் பிள்ளைகள் சராசரியாக 21, 22 வயதில் பெற்றோர் வீட்டை விட்டுப் போகிறார்கள். அதே ஐரோப்பாவில் குரோவேஷியாவில் 30 வயது தாண்டிய பிறகுதான் போகிறார்கள். ருமேனியாவில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் குடும்பத்துக்குச் சொந்தமான வீட்டில் இருக்கிறார்கள். வசதியான ஜெர்மனியில் பாதிப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். இதை வைத்து யாருக்குப் பாசம் அதிகம் என்று சொல்ல முடியுமா? வீடு ஒரு குடும்பத்தின் கைக்கு எந்த வழியாக வந்தது என்று பார்த்தால்தான், யார் யாரோடு இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள் என்பது விளங்கும். ஜொகூர்த் தமிழர்களில் பெரும்பகுதியினருக்கு அது தோட்டத்து வழியாக வந்தது.

தோட்டத்து லயத்து வீடு அதில் குடியிருந்த யாருக்கும் சொந்தமில்லை. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் இருக்கும்வரை வீடு. பேர் அடிபட்டால் வீடும் போயிற்று. காலையில் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போகிற ஓர் ஆளாவது அந்த வீட்டில் இருக்க வேண்டும். 55 வயதில் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினால், அவர் முப்பது வருஷம் குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கு அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுத்திருந்தால் அந்தப் பேரை வைத்துப் பெரியவர்கள் அங்கேயே இருந்துகொள்ளலாம். படிப்பை நிறுத்திவிட்டுப் பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்த பிள்ளைகள் பலருக்குக் குடும்பத்தின் வறுமை மட்டுமே காரணமாக இருக்கவில்லை. அவர்கள் வேலைக்குப் போகாவிட்டால் தாத்தா பாட்டிக்குக் கூரை இருக்காது.

இதை நான் மெதுவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயதானவர்களைப் பிள்ளைகள் வைத்துப் பார்த்தார்கள் என்பது உண்மை. அதில் அன்பு இருந்தது என்பதும் உண்மை. ஆனால் ஊரில் நிலம் உள்ள குடும்பத்தில் அப்பாவின் வீட்டில் மகன் இருப்பான். தோட்டத்தில் மகனின் வேலையால் கிடைத்த வீட்டில் அப்பா இருந்தார். அந்தத் தலைகீழ் முறையோடுதான் நாம் பட்டணத்துக்கு வந்தோம்.

பட்டணத்துக்கு வந்ததும் ஆசைப்பட்டு வந்ததல்ல. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று இன்றும் பெரியவர்கள் அதைச் சொல்வார்கள். அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, மாதம் பத்து வெள்ளி கட்டச் சொல்லி, தொழிலாளியின் பணத்திலேயே தோட்டத்தை வாங்கினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் 1961இல் அப்படித்தான் கைக்கு வந்தது. தோட்டத்தை வாங்க முடியும் என்று கூலிக்காரரை நம்ப வைத்த அந்த முயற்சியை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் நிறைகிறது. ஆனால் அது எல்லாத் தோட்டத்தையும் எட்டவில்லை. ஜொகூரில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. இன்று ஜொகூர் பாருவில் உணவகமும் பேரங்காடியுமாக நிற்கும் மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். தெப்ராவ் பக்கமும் அதே கதை.

லயத்தை விட்டு வெளியே வந்த குடும்பத்துக்கு எதிரில் இருந்தது மலிவு விலை வீடு. 1982இல் அரசாங்கம் அதன் விலையை 25,000 ரிங்கிட் என்று வைத்தது. குடும்ப வருமானம் மாதம் 750 ரிங்கிட்டுக்குள் உள்ளவருக்குத்தான் விண்ணப்பிக்கத் தகுதி இருந்தது. விலையைக் கேட்டால் இன்றைக்குச் சிறிதாகத் தெரியும். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய, நாள் கூலி வாங்குகிற ஒருவருக்கு எந்த வங்கி இருபது, இருபத்தைந்து வருஷக் கடன் கொடுக்கும்? எனவே விண்ணப்பம் மகன் பேரில் போனது. மகன் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையிலோ, பாலம் தாண்டி சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையிலோ வேலை செய்தான். அவனிடம் சம்பளச் சீட்டு இருந்தது. முன்பணம்? அது அப்பாவின் ஊழியர் சேமநிதிப் பணம். அம்மாவின் சங்கிலியும் சில சமயம் அதில் சேர்ந்தது. மாதத் தவணையில் அக்காவும் தங்கையும் கல்யாணம் ஆகும்வரை கொஞ்சம் கொஞ்சம் போட்டார்கள்.

இப்படி வந்த வீட்டின் கிராண்டை எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு பேர்தான் இருக்கும். அந்தப் பேருக்குப் பின்னால் ஐந்து பேர் உழைப்பு இருப்பது நில அலுவலகத்துக்குத் தெரியாது.

அடுத்து, நம் பண்பாடு என்று சொல்கிறோமே, அது ஒரே பண்பாடுதானா என்றும் பார்த்துவிடலாம். மூவாரிலும் மலாயாவின் மற்ற ஊர்களிலும் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் அவர்கள் கட்டிய வீடு கடல் மாதிரி இருக்கும். எல்லாரும் ஒரே கூரையின் கீழ்தான். ஆனால் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பார்கள்'. அதே வீட்டுக்குள் அவனுக்கு ஓர் அறை, தனிச் சமையல், தனிக் கணக்கு. நகரத்தார் கணக்கில் ஒவ்வொரு தம்பதியும் ஒரு தனிப் புள்ளி. மாமியாரும் மருமகளும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து பேசுவார்கள், ஒரே அடுப்பில் சமைக்க மாட்டார்கள். கூட்டுக் குடும்பத்தின் பெருமை பேசுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். சண்டை வருவதற்கு முன்பே, கல்யாணச் சடங்கின் தொடர்ச்சியாகவே அடுப்பைப் பிரித்துவிட்டார்கள்.

இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் வீடு மகளுக்குத்தான். மருமகன் அங்கே வந்து சேருவான். பெற்றோர் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்காகப் பக்கத்திலேயே இன்னொன்று கட்டி அங்கே மாறுவது வழக்கம். யாழ்ப்பாணத்திலும் வீடு சீதனமாக மகளுக்குப் போகும். நமக்குப் பக்கத்தில், சிகாமட்டைத் தாண்டி கிம்மாஸில் கால் வைத்தால் அது நெகிரி செம்பிலான். அங்கே அடாட் பெர்பாத்தே முறையில் மலாய்க் குடும்பங்களின் பூர்வீக நிலம் பெண்கள் பேரில் இறங்குகிறது. வீட்டை மகன்தான் வாங்க வேண்டும், பெற்றோர் மகனோடுதான் இருக்க வேண்டும் என்பது மண்ணில் எழுதி வைத்த விதி இல்லை.

சிங்கப்பூரைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அங்கே சுமார் பத்துக் குடும்பத்தில் ஒன்பது சொந்த வீட்டில் இருக்கிறது. பெரும்பாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, 99 வருஷக் குத்தகை. 1968இலிருந்து மத்திய சேமநிதிப் பணத்தை வீட்டுக்குப் போடலாம் என்று திறந்துவிட்டதுதான் அதற்குப் பெரிய காரணம். ஆனால் கல்யாணமாகாத குடிமகன் தனியாக வீவக வீடு வாங்க 35 வயதாக வேண்டும். அங்கே முப்பது வயதுப் பிள்ளை அம்மா வீட்டில் இருப்பதைப் பார்த்து ஆசியப் பண்பாடு என்று பாராட்டுகிறோம். பாதிக் காரணம் விதிமுறை. பெற்றோர் அருகில் இருக்க வேண்டும் என்றும் அதே அரசாங்கம் நினைக்கிறது. மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பம் பெற்றோரோடு சேர்ந்து இருந்தால் 30,000 வெள்ளி, அவர்களிடமிருந்து நாலு கிலோமீட்டருக்குள் இருந்தால் 20,000 வெள்ளி மானியம். பெற்றோரைக் கவனிக்காத பிள்ளையிடம் பராமரிப்புப் பணம் கேட்க 1995லேயே சட்டமும் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குடியானவர்களிடம் இருந்த ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். அப்பா தளர்ந்ததும் பண்ணையை மகன் பேருக்கு மாற்றுவார். மாற்றும் பத்திரத்திலேயே பெரியவர்களுக்கு எந்த அறை, வருஷத்துக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு விறகு, எவ்வளவு பால், படுத்துவிட்டால் யார் பார்ப்பது என்று எழுதிவிடுவார்கள். முதல் தடவை கேட்டால் நமக்கு மனசு சுருங்கும். பெற்ற தாய்க்குப் பாலுக்குமா பத்திரம் என்று தோன்றும். யோசித்துப் பார்த்தால், அந்தப் பத்திரம் இருந்ததால்தான் அந்தக் கிழவி மருமகளிடம் பாலைக் கேட்டு நிற்க வேண்டியதில்லாமல் இருந்தது.

சரி, ஜொகூருக்குத் திரும்புவோம். இனி நான் சொல்வது இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கான சட்டம். இஸ்லாமியர்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது.

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் வரும். மாசாயில் ஒரு மகன். வீடு அவன் பேரில். அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். மகன் விபத்தில் போய்விட்டான் என்று வையுங்கள். தினமும் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவர்கள் நிறைந்த ஊரில் இதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். மனைவிக்குக் கால் பங்கு. பெற்றோர் இருவருக்கும் சேர்த்துக் கால் பங்கு. பிள்ளைகளுக்குப் பாதி. நம் சட்டம் பெற்றோரை மறக்கவில்லை. இது சின்ன விஷயமல்ல. சிங்கப்பூரில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் பெற்றோருக்கு ஒன்றும் இல்லை. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அம்மா முதல் வரிசையில் இருக்கிறார், அப்பா இல்லை. இங்கே இருவருக்கும் இடம் உண்டு.

ஆனால் கால் வீட்டில் யார் குடியிருக்க முடியும்? பிள்ளைகளின் பாதி, அவர்கள் மேஜராகும்வரை அறங்காவலர் பொறுப்பில் இருக்கும். வீட்டை விற்பது லேசில் நடக்காது. மருமகள் தன் அம்மா வீட்டுக்குப் பிள்ளைகளோடு போக நினைத்தால் முடியாமல் தவிப்பாள். அப்பா தன் சேமநிதி முழுவதையும் கொட்டிய வீட்டில் தனக்கு எட்டில் ஒரு பங்குதான் என்று கேட்டு நொறுங்கிப்போவார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை.

இப்போது வீடு அப்பா பேரில் இருக்கிறது என்று மாற்றி வையுங்கள். அப்பா இறந்தால், அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லை என்றால், அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. மகனுக்கும் மகளுக்கும் சமம். நியாயம்தான். ஆனால் கடைசி மகன் பதினைந்து வருஷம் தவணை கட்டி, பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டி, அம்மாவையும் பார்த்துக்கொண்டிருப்பான். கோலாலம்பூரில் இருக்கிற அண்ணனுக்கும் அதே ஒன்பதில் இரண்டுதான். கட்டிய தவணைக்கு ரசீது அவன் பேரில் இருந்தாலும் பங்கு கூடாது, அதற்காகத் தனியே வழக்காடினால் ஒழிய. இந்த ஒன்பதில் இரண்டுக்காக அப்பாவின் கருமக்கிரியை முடிவதற்குள் பேச்சு நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ரெண்டு பேர் பேரிலும் போட்டுவிட்டோம், ஒருவர் போனால் மற்றவருக்குத் தானாக வந்துவிடும் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சிங்கப்பூரில் அப்படி ஒரு முறை இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் கேள்விப்பட்டு வந்து இங்கேயும் அப்படித்தான் என்று சொல்கிறார்கள். இங்கே இல்லை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் கூட்டாகப் பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு பங்கு. இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குத்தான் போகும். அப்பாவும் மகனும் பாதிப் பாதி என்றால், அப்பாவின் பாதி மறுபடி அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியும்.

இந்தக் கூட்டுப் பேரில் இளையவர்களுக்கு இன்னொரு இழப்பும் இருக்கிறது. கடனுக்காக அப்பாவோடு கிராண்டில் பேர் சேர்த்த மகன், பிறகு தன் மனைவியோடு வீடு வாங்கப் போனால் அது அவனுக்கு முதல் வீடு ஆகாது. முதல் வீடு வாங்குவோருக்கு 5 லட்சம் ரிங்கிட் வரையிலான வீட்டுக்குக் கிடைக்கும் முத்திரை வரி விலக்கு அவனுக்குக் கிடைக்காது. தாத்தா வீட்டில் ஒரு சிறு பங்கு வந்திருந்தாலும் இதே நிலைதான். பெற்றோருக்குக் கைகொடுத்த பிள்ளை அதற்காக இழக்கும் பணம் இது. கூடப் பிறந்தவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மருந்து இரண்டு. ஒன்று, உயிரோடு இருக்கும்போதே பேர் மாற்றுவது. பெற்றோர் பிள்ளைக்கோ, பிள்ளை பெற்றோருக்கோ அன்பின் பேரில் மாற்றிக் கொடுத்தால், வாங்குகிறவர் மலேசியக் குடியுரிமை உள்ளவராக இருந்தால், 2023 ஏப்ரலிலிருந்து முதல் 10 லட்சம் ரிங்கிட் மதிப்பு வரை முத்திரை வரி இல்லை. ஆனால் பதிவாகிவிட்டால் திரும்ப வாங்குவது மிகக் கடினம். இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு வாங்கிக்கொண்டு பார்க்காத பிள்ளையிடமிருந்து அந்த மாற்றத்தையே ரத்து செய்யத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இங்கே அந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். அம்மா அப்பா இருவரும் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று லாயரிடம் தனி ஒப்பந்தம் எழுதிவிட்டுக் கொடுங்கள். ஜெர்மன் குடியானவன் செய்தது அதுதான்.

இரண்டாவது உயில். 18 வயதானால் யாரும் எழுதலாம். இரண்டு சாட்சி சேர்ந்து நிற்கும்போது கையெழுத்துப் போட வேண்டும். உயிலில் சொத்துப் பெறப்போகிறவரும் அவருடைய கணவனோ மனைவியோ சாட்சி போடக் கூடாது, போட்டால் அந்தப் பங்கு கெட்டுப்போகும். பலர் கவனிக்காதது வேறொன்று: கல்யாணம் நடந்தால் பொதுவாகப் பழைய உயில் செல்லாது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பேருக்கு எழுதி வைத்த பொறுப்பான பிள்ளை, கல்யாணமான அன்றே அந்த உயிலை இழந்துவிடுகிறான். அவனுக்கே அது தெரியாது.

இனி சேர்ந்து இருப்பதா, தனியே போவதா என்ற கேள்வி. இதற்காக என்னிடம் பேச வந்த மாசாய்த் தம்பி ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு வண்டியை எடுக்கிறார். மனைவி ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ் ஏறுகிறாள். பிள்ளைகளை எழுப்பி, மைலோ கலக்கிக் கொடுத்து, சாமி அறையில் திருநீறு பூசிவிட்டு, பள்ளி வேன் வரும்வரை கேட்டில் நிற்பது அம்மா. அந்த அம்மா இல்லாவிட்டால் இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றுவிடும். எனவே பெரியவர்களை வைத்துப் பார்க்கிறோம் என்று சொல்லும்போது, இன்னும் பல வருஷங்களுக்கு அவர்கள்தான் நம்மைப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருமகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, எனக்கு ஒரு அடுப்பு வேணும்." மாமியாரைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை.

அவள் கேட்டது நியாயம் என்பது என் எண்ணம். ஒரே தாமானில், முடிந்தால் அடுத்த லோரோங்கில், இன்னொரு பழைய வீடு பார்ப்பதுதான் நல்லது. பேரப்பிள்ளை சைக்கிளில் போய்ச் சேரும் தூரம் போதும். சிங்கப்பூரில் இந்த நெருக்கத்துக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. இங்கே குடும்பமே போட்டுக்கொள்ள வேண்டும். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வடக்குக்கு ரயில் ஓடப்போகிறது என்ற பேச்சில் நகரத்துக்குள் மாடி வீடுகள் எழும்புகின்றன. பார்க்க அழகாக இருக்கின்றன; ஆனால் பெரும்பாலும் சின்ன வீடுகள், அம்மாவுக்கு ஓர் அறை ஒதுக்கினால் பிள்ளைகளுக்கு இடமில்லை. வேலைக்குப் பக்கம் என்று மட்டும் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

தனி வீடு வாங்க முடியாத நிலையில், இருக்கிற வீட்டிலேயே பின்பக்கம் ஒரு சமையல் மேடை, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு குழாய் போட்டுவிடுங்கள். நகராண்மைக் கழக அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். பிறகு விற்கும்போது தொந்தரவு வராது.

கடன் முடிந்துவிட்ட வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கலாம். கடைசித் தவணை கட்டியதும் வங்கியின் உரிமை கிராண்டிலிருந்து தானாக நீங்காது. லாயர் மூலம் பத்திரம் போட்டு நில அலுவலகத்தில் அதை நீக்கி, கிராண்டைக் கையில் வாங்க வேண்டும். நம்மவர்கள் பலர் கடன் முடிந்த சந்தோஷத்தில் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்காரர் போன பிறகு அதே வேலை வாரிசுகளின் தலையில் விழும். அப்பா நடந்து போக முடிகிற இப்போதே, ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.